ஏழு லாஞ்சு திரும்பிய ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாதது எங்கள் கரையின் வழக்கம். இறாலுக்கு வெளிநாட்டுக் கிராக்கி வந்த பிறகு அந்த வழக்கத்தை விட்டு, ஞாயிறும் லாஞ்சு என்னும் விசைப்படகை எடுத்தோம். மழை பொய்த்த ஒரு வருஷம், சனிக்கிழமைச் செபத்தில் எங்கள் பங்குச் சாமியார், "நாடே கடவுளை மறந்துவிட்டது. நாளைக் காலைப் பூசையில் நாட்டுக்காக மன்றாடுவோம்" என்றார். நான் பலமாகத் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: "நாடு மறந்துட்டுன்னு தலைய ஆட்டுதீரு. நாளைக்கு லாஞ்சு எடுக்கப் போறது யாராம்?"

ஆனாலும் விடியும்போது புறப்பட்டுவிட்டேன். கரை கண்ணுக்கு மறையுமுன் பூசை மணி கேட்டது. அவள் கேட்ட கேள்வி நெஞ்சில் குத்த, சட்டென்று லாஞ்சைத் திருப்பினேன். பார்த்தால், எனக்குப் பின்னால் வந்த ஏழு லாஞ்சுகளும் திரும்பிக் கரையைப் பார்த்து விரைகின்றன! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

கரையில் இறங்கியதும் பக்கத்து லாஞ்சுக்காரன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"அண்ணே, சூறக்காத்தா? எந்தப் பக்கம் கண்டீரு?"

"காத்துமில்ல ஒண்ணுமில்ல. பூசைக்கு வந்தம்லே."

"நல்ல ஆளுதாம் நீரு. நீரு லாஞ்சத் திருப்பவும் காத்துன்னுல்லா பயந்து ஓடியாந்தோம்."

திட்டிக்கொண்டேதான் என்னோடு கோவிலுக்கு நடந்தான். மற்றவர்களும் வந்தார்கள். ஈரக் கைலியோடு கடைசி வரிசையில் முழங்காலிட்டோம். "ஆண்டவரே, எங்கள் நாட்டை மன்னியும்" என்று சாமியார் சொன்னதும், "எங்களயும்" என்று முதலில் எழுந்தது அவன் குரல்தான்.