இரண்டு எண்ணுவதற்குள்

அந்தச் சின்ன ரேடியோவை மீன்கார அக்கா என் மேசைமேல் வைத்தபோது காலை மணி பத்தைத் தாண்டியிருந்தது. கூடையில் மீன் இல்லை. வெறுங்கூடையோடு அவர் பாகூர்க் கடைத்தெருவுக்கு வந்து நான் பார்த்ததே கிடையாது.

"பேச மாட்டேங்குது தம்பி. மத்தியானச் சேதிக்குள்ள பேச வச்சிடு" என்றார்.

பிரெஞ்சுக்காரர்கள் போய் ஆறேழு வருஷம் ஆகியிருந்த காலம். கம்யூன் அலுவலகத்தைப் பெரியவர்கள் அப்போதும் பிரெஞ்சில் 'மேரி' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்கு எதிர்ச்சாரியில் ஓர் அறையைப் பிடித்து ரேடியோ பழுது பார்த்து வந்தேன். எனக்கு இருபத்து நான்கு வயது. அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். கிழக்கே கடலோரக் குப்பத்தில் வீடு; கணவரும் கொழுந்தனும் கட்டுமரத்தில் போகிறவர்கள். சைகோனிலிருந்து திரும்பிய உறவினர் ஒருவர் கொடுத்த இந்த டிரான்சிஸ்டரில்தான் குப்பமே கடல் செய்தி கேட்டது.

"ரெண்டு நாளா காத்து ஒரு மாதிரியா கீது. வயசானவங்க வாணாம்ன்றாங்க, பசங்க ஒண்ணும் ஆவாதுன்றானுங்க. இன்னிக்குச் சேதியில போவாதன்னு சொன்னா நிப்போம், இல்லன்னா சாப்ட்டுட்டு எறங்குவோம்னு பேசி வச்சிக்கீறாங்க."

பின்மூடியைக் கழற்றும் முன்பே என்ன பழுது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வாரம் முன்பு அதே ரேடியோவின் ஸ்பீக்கருக்கு ஒயர் பற்றவைத்தவன் நான்தான். உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஸ்பீக்கர். ஒயர் பிடிக்கும் பித்தளை முனை ஒரு துண்டு அட்டையில் செருகியிருக்கும். அங்கிருந்து மயிரிழை போன்ற செப்புப் பின்னல் ஒன்று காகிதக் கூம்புக்குப் போகும். அன்று ஈயம் சரியாக ஒட்டவில்லையென்று சூட்டுக்கோலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தேன். அட்டை கருகிப் புகை வந்தது. எப்படியோ ஒலித்தது, ஒன்றும் சொல்லாமல் மூடிக் கொடுத்துவிட்டேன். இப்போது கருகிய அட்டையில் பித்தளை முனை ஆடிக்கொண்டிருந்தது. ஒயர் விட்டுப்போயிருந்தது. இன்னொரு முறை அதே சூட்டை வைத்தால் முனை கழன்று பின்னலையும் அறுத்துக்கொண்டு வரும். அந்த அளவில் வேறு ஸ்பீக்கர் புதுச்சேரிக் கடைகளில்கூடக் கிடைப்பது சந்தேகம். கிடைத்தாலும் போய்வர நேரமில்லை.

என் கடையில் மின்சாரம் கிடையாது. கரியடுப்பில் காய்ச்சும் செம்புமுனைக் கோல்தான். அதைக் கரியில் செருகிவிட்டு, பித்தளை முனையிலிருந்த பழைய கருகலைக் கத்தியால் சுரண்டினேன். ஒயர் நுனிக்குத் தனியாக ஈயம் பூசிக்கொண்டேன். முனைக்கும் அப்படியே மெல்லப் பூசிவிட்டால், பிறகு இரண்டையும் சேர்த்து ஒரு தொடு தொட்டால் போதும். ஆனால் அந்தத் தொடுதலின் சூடு பின்னலுக்கு ஏறாமல் நடுவில் குறடு பிடித்தாக வேண்டும். சூட்டைக் குறடு வாங்கிக்கொள்ளும். எனக்கு இருந்தது இரண்டு கை.

"அக்கா, இத இப்படியே புடிச்சிக்கிறீங்களா? அசைஞ்சா அறுந்துடும்."

அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு குறட்டை வாங்கினார். அதனால் முனையின் அடியைக் கவ்விப் பிடித்தார். மூச்சு விடுகிறாரா என்றே தெரியவில்லை. முதல் தொடுதலில் ஈயம் முனையில் படர்ந்தது. ஆறவிட்டோம். ஒயரை மேலே வைத்து மறுபடி கோலை எடுத்தேன். ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணி எடுத்துவிட்டேன். ஈயம் பளபளத்து உறைந்தது. முனை ஆடியது, ஆனால் விழவில்லை.

"வுடலாமா?"

"கொஞ்சம் இருங்க."

அவர் குறட்டை எடுத்த பிறகும் ஒயரை இழுத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நூலால் அட்டையோடு சேர்த்துக் கட்டினேன். குமிழைத் திருகியதும் இரைச்சல், அப்புறம் பாட்டு. அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். பாட்டு முடிந்து மத்தியானச் செய்தி வந்தது. மீனவர்கள் கடலுக்குள் செல்ல வேண்டாம் என்று செய்தி வாசித்தவர் சொன்னார்.

"நீ சைக்கிள எடுத்துக்கினு முன்ன போ. நான் நடந்து பூட்டா அதுக்குள்ள எறங்கிடுவாங்க" என்றார்.

எதிர்க்காற்றில் மிதித்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவருடைய கணவர் கட்டுமரத்தை அலை விளிம்புக்குத் தள்ளியிருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே செய்தியைச் சொன்னேன். "யாரு கேட்டது?" என்றார். "அக்காவும் நானும்." அவர் தன் தம்பியைக் கூப்பிட்டு மரத்தை மேலே இழுக்கச் சொன்னார்.

புயல் அடித்து ஓய்ந்து, அக்கா நாலாம் நாள்தான் கடைத்தெருவுக்கு வந்தார். "கூரைங்க பூடுச்சு, ரெண்டு மரத்த அலை கொண்டுபோயிடுச்சு, ஆளுங்க எல்லாம் கீறோம்" என்றார். அன்றைக்கும் சொல்லாமல் விட்டால் பிறகு எப்போதும் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தோன்றியது.

"அக்கா, அது தானா கெட்டுப்போவல. போன தடவ நான்தான் சுட்டுட்டேன். தெரிஞ்சே மூடிக் குடுத்தேன்."

"தெரியும்" என்றார். "அன்னிக்கே கருவுன வாசன வந்துச்சு. வூட்டுக்காருகிட்டகூடச் சொல்லல."

"அப்புறம் ஏன் எங்கிட்டயே கொண்டாந்தீங்க?"

"வேற எவன்கிட்ட போனாலும் இன்னா ரிப்பேருன்னு தேடுவான். எங்க சுட்டேன்னு உனக்குத்தான தெரியும். தேடிக்கினு இருக்க அன்னிக்கு நேரம் ஏது?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதற்குப் பிறகு முப்பது வருஷம் தொழில் செய்தபோது சரியில்லாத ஒரு பற்றவைப்பையும் என்னால் மூடி அனுப்ப முடியவில்லை. அன்று அவர் குறட்டைப் பிடித்த கை என்மேல் நம்பிக்கை வைத்த கை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் தவறு தெரிந்தே பிடித்த கை அது.