நாக்குக்கு அகப்படாத தூசி

எங்கள் ஏரியூர்ப் பக்கத்தில் கண்ணில் தூசி விழுந்தால் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை, ரோசம்மாளிடம் போவார்கள். இமையை விரித்து நாக்கு நுனியால் ஒரே துழாவு, தூசி வந்துவிடும். என் கண்ணுக்குள்ளும் அந்த நாக்கு இரண்டு முறை போய் வந்திருக்கிறது. வெற்றிலை போட்ட நாக்கு என்பதால் எரிச்சல் தனி.

போன பங்குனியில், அவர் கணவர் சவுரியப்பன் செம்மறி மேய்த்துக்கொண்டிருந்தபோது வலது கண்ணில் ஏதோ சட்டென்று பட்டது. சாயங்காலம் கண் சிவந்து நீர் கொட்டியது. ரோசம்மாள் துழாவிவிட்டு, "வந்துடுச்சு" என்றார். வரவில்லை. "உள்ள என்னமோ ஊருது ரோசா" என்றார் அவர். மறுபடி துழாவினார். விடிந்ததும் மூன்றாம் முறை. கண் வீங்கி மூடிக்கொண்டது.

பக்கத்து வீட்டுக்காரனான நான் என் ஆட்டோவைக் கிளப்பினேன். "என் நாக்குக்கு ஆப்புடாத தூசி இனிமேதான் பொறக்கணும் தம்பி" என்று முணுமுணுத்தபடியே ரோசம்மாள் ஏறினார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "கண்ணு போயிட்டா ஒங்க நாக்கு திருப்பித் தருமாக்கா?" என்று கேட்டுவிட்டேன். தருமபுரி வரும்வரை அவர் முந்தானையால் கணவரின் கண்ணை ஒற்றிக்கொண்டே வந்தார். நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வீங்கிய இமையைப் பிரித்துச் சொட்டு மருந்து விட்டு, கருவியில் விளக்கைப் போட்டுப் பார்த்து, "அட!" என்றார். பொடிப்பொடியாக வெள்ளைப் புழுக்கள். வெளிச்சம் பட்டதும் இமைக்கடியில் ஓடி ஒளிந்தன. விடாமல் துரத்தி, இடுக்கியால் ஏழு புழுக்களைப் பிடித்தார்.

"ஆட்டு மூக்குல புழு விடுற ஈயோட வேலைங்க இது. பறந்துக்கிட்டே உங்க கண்ணுல விட்டுட்டுப் போயிருக்கு."

சவுரியப்பன் தொடையில் தட்டிக்கொண்டார். "அதானா! அந்நேரம், பூரா ஆடும் மூக்க மண்ணுல பொதச்சிக்கிட்டு நின்னுச்சுங்க. இதுங்களுக்கு என்னாடா வந்துச்சுன்னு நான் ஒருத்தன்தான் அண்ணாந்து பாத்தேன்."

ரோசம்மாள் சிரிக்கவில்லை. "நாக்குல வந்திருந்தா..." என்று மெல்ல இழுத்தார்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. ஆனா இனிமே யார் கண்ணுலயும் நாக்க வைக்காதீங்க, புண்ணாகிடும். இவருக்குப் பார்வை எப்படின்னு இனிமேதான் பாக்கணும்."

ரோசம்மாள் எழுந்து வெளியே போய்விட்டார்.

அரை மணி நேரம் கழித்து, வீக்கம் கொஞ்சம் வடிந்ததும், டாக்டரம்மா சவுரியப்பனின் இடது கண்ணைப் பொத்தி, சுவரில் இருந்த எழுத்துப் பலகையைக் காட்டினார். அவருக்கோ எழுத்துத் தெரியாது. "சரி, எது தெரியுதோ அதைச் சொல்லுங்க" என்றார். சவுரியப்பன் கண்ணைச் சுருக்கினார், பலகையை விட்டுத் திறந்திருந்த கதவுப் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கடைசி பெஞ்சுல எம் பொண்டாட்டி அழுவுறா. முந்தானைய வாயில வச்சிக்கிட்டு அழுவுறா."

"அழுவல. கண்ணுல தூசி" என்றார் ரோசம்மாள் அங்கிருந்தே.

"இரு, நான் வந்து எடுத்து வுடுறேன்" என்று சவுரியப்பன் எழுந்தார்.

டாக்டரம்மா இடுக்கியும் கையுமாக வாசலை மறித்து நின்றார்.