காற்றோடு போன ரெண்டு மூட்டை

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: நான், என் மனைவி செல்வி, அவள் அண்ணன் முருகேசன், கடைசியாக வந்து சேர்ந்த கால்நடை டாக்டர். அப்புறம் காரி... ஆறு மாசச் சினையோடு பால் தரும் எங்கள் ஒரே பசு.

திருவாடானைக்குக் கிழக்கே ஒரு ஏக்கரில் கொழுக்கட்டைப் புல் விட்டிருக்கிறோம். காரி மேய்வதற்குத்தான். அது கறக்கிற பாலில்தான் எங்கள் வீட்டு உலை கொதிக்கிறது.

அதற்கு மூணு நாளைக்கு முன் ஒரு தூறல் விழுந்தது. கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. யூரியாவை உடனே தூவிவிடலாம் என்றார் முருகேசன். உரம் போட்டுத் தண்ணீர் பாய்ச்ச எங்களிடம் கிணறா இருக்கிறது? மேகத்தை நம்பித்தான் தூவுவோம். ஒரு மூட்டையே அதிகம். பத்தாமல் போய்விடுமோ என்ற பயத்தில் நான் ரெண்டைத் தூவினேன். மழை பெய்து முடியட்டும் என்று காரியைக் கொட்டிலில் கட்டிவைத்தோம்.

மேகம் எங்கே போனதோ... மறுநாளே வெயில் கொளுத்தியது. காலையில் பனி, பகலில் காற்று. மூணாம் நாள் புல்லுக்குள் இறங்கினால் கண் எரிந்தது. பஸ் ஸ்டாண்டு கழிப்பறை வாடை! தூவிய யூரியாக் குருணை ஒன்றையும் காணோம். மண் குடித்துவிட்டது என்று நிம்மதியானேன்.

நாலாம் நாள் காலை, காரி கயிற்றை அறுத்துக்கொண்டு அந்தப் புல்லில் நின்று மேய்கிறது. எவ்வளவு நேரமாக? யாருக்குத் தெரியும்?

யூரியா கரைத்த தண்ணீரைக் குடித்த மாடு அரை மணி நேரத்தில் சாய்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். இழுத்துவந்து கட்டிவிட்டு டாக்டருக்குப் போன் போட்டேன். நடுக்கம், வாயில் நுரை, வயிற்று உப்பசம் — இந்த மூன்றையும் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். பார்த்தேன். காது ஆடினால் நடுக்கமாகத் தெரிந்தது. அசைபோட்டால் நுரையாகத் தெரிந்தது.

"மாடு நல்லாத்தேன் நிக்கிது. ஒங்களுக்குத்தேன் நடுங்குது" என்றாள் செல்வி. ஆனாலும் அவள் கை காரியின் வயிற்றை விட்டு நகரவில்லை.

டாக்டர் வந்தார். இடது விலாவை அழுத்திப் பார்த்தார். பிறகு புல்லுக்குள் போனவர் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"பசுவுக்கு ஒண்ணும் இல்லண்ணே. குருணையாத் தின்னிருந்தா இந்நேரம் விழுந்திருக்கும். யூரியா பனியில கரைஞ்சு ஆவியாப் போய்க்கிட்டிருக்கு. இங்கன அடிக்குதே வாடை... அதுதான் ஒங்க உரம். நல்ல மழை பெய்யிற வரைக்கும் மாட்ட உள்ள விடாதீங்க."

முருகேசன் வானத்தைப் பார்த்தார். செல்வி முருகேசனைப் பார்த்தாள்.

புல்லுக்கு என்று வாங்கியது காற்றோடு போனது. போனதால்தான் காரி பிழைத்தது. அழுவதா, கும்பிடுவதா?

உரக்கடைக்காரருக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. கடனுக்கு வாங்கியது ரெண்டு மூட்டை. பாக்கி, ஐந்நூற்று முப்பத்து மூன்று ரூபாய்.