அல்மைராவின் இன்னொரு நுனி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். உங்களை நம்பவைக்க நான் இதை எழுதவில்லை. பட்டப்பகலில், ராஸ்கோ ஊரில், ஆர்ரின் மாமாவின் தூண்டில் கடையில், இது எனக்கு நடந்தது.

நான் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். ஆட்களிடம் பேச வராது. மாமா கடைக்கு மேலே ஓர் அறை கொடுத்திருந்தார். பழைய தூண்டில்கோல்களைத் துடைத்து வைப்பது என் வேலை.

அன்று காலை லைமன் டெக்கர் என்ற கிழவர், இறந்துபோன தன் அக்காவின் மூங்கில் கோலை விற்றுவிட்டுப் போனார். மாமா அதை வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார். ஆறு பட்டைகளை ஒட்டிச் செய்த கோல். கணுக்கள் ஒரே இடத்தில் வராமல் தள்ளித் தள்ளி இருந்தன. பட்டு நூல் கட்டு ஒன்றுகூடப் பிரியவில்லை. அடி, நடு, நுனி மூன்று துண்டுகளும் ஒரே நீளம்.

“எங்கயும் ஒடியல. பழைய கேட்ஸ்கில் மலைப்பக்கத்துக் கைவேலைதான், சந்தேகமே இல்ல” என்றார். பிறகு உதட்டைப் பிதுக்கினார். “ஆனா நுனி ஒண்ணுதான் இருக்கு. பாதி மதிப்பு போச்சு.”

நல்ல கோலோடு நுனித்துண்டு இரண்டு வரும். ஒரு நாள் ஒன்று, மறுநாள் மற்றது என்று மாற்றிப் போடுவோம். அப்போதுதான் இரண்டும் சமமாகத் தேயும்.

பிடிக்கு மேலே, வார்னிஷுக்கு அடியில் ஒரு மையெழுத்து: அல்மைரா டெக்கர்.

“நாளைக்கு மீன்பிடி கிளப்காரர் வர்றாரு. பொம்பள பேரு போட்ட கோலை அந்த மனுஷன் தொடமாட்டாரு. உப்புத்தாள் போட்டுத் தேச்சு எடுத்துடு.”

“மாட்டேன் மாமா.”

“அடேயப்பா, பேசுதே இது.”

“பேரை அழிக்க மாட்டேன்.”

“சரி மகாராணி. நான் சாப்பிட்டு வர்றதுக்குள்ள ஒண்ணு அந்தப் பேரு போயிருக்கணும், இல்ல ரூமைக் காலி பண்ணிட்டு நீ போயிருக்கணும்.”

கதவைச் சாத்திவிட்டுப் போனார். மணி இரண்டு பத்து. வெளியே மழை.

மூன்று துண்டுகளையும் கோலோடு வந்த உறைக்குழலில் போட்டு மூடினேன். துணிமணிகளை எடுத்துவைக்க மாடிக்குப் போனேன்.

கீழே... ப்ளப்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பொருத்திய கோலை இழுத்துப் பிரிக்கும்போது, துண்டுகளை இணைக்கும் உலோகப் பூண் விடுபடும் சத்தம். ஆனால் நான் அதைப் பொருத்தவே இல்லையே...

இறங்கினேன். குழல் திறந்து கிடந்தது. துண்டுகள் மேசைமேல் வரிசையாக இருந்தன. நனைந்திருந்தன.

தக்கைப் பிடி மட்டும்... வெதுவெதுப்பாக இருந்தது.

பூணைப் பொருத்துமுன் மூக்கோரம் தேய்ப்பது எங்கள் வழக்கம். தோலின் எண்ணெய் பட்டால் சிக்காது. அந்தப் பூணில் ரோஸ் நிற முகப்பவுடர் ஒட்டியிருந்தது.

நான் பவுடர் போடுவதில்லை.

முதுகுக்குப் பின்னால் மூச்சு.

திரும்பவில்லை. ஓடவும் இல்லை.

“நான் அழிக்கல, அழிக்கவும் மாட்டேன். அதனால என்னை மிரட்ட வேணாம்” என்றேன். பள்ளியில்கூட நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

“ம்...”

கேட்டது அவ்வளவுதான்.

மாமா வந்ததும் என்னைத் திட்ட வாயெடுத்தார். பிறகு மேசையைப் பார்த்தார்.

“இந்த நுனி எங்கேருந்து வந்துச்சு?”

அப்போதுதான் எண்ணினேன். நான்கு துண்டுகள். புதிய நுனி அதே நீளம், அதே பட்டு நூல். பூணுக்குள் மட்டும் கறுப்பு மண் அடைத்திருந்தது.

அதை எடுத்துக்கொண்டு லைமன் வீட்டுக்குப் போனோம். அவர் நூல் கட்டைத் தடவிப் பார்த்தார். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“இதை அக்கா கையில குடுத்துத்தானே புதைச்சோம். பெட்டியை மூடினதே நான்தான்.”

மூன்று பேரும் கல்லறைக்குப் போனோம். மேலே ஒரு புல்கூடக் கலைந்திருக்கவில்லை.

மாமா அந்தக் கோலை விற்கவில்லை. தொடவும் இல்லை. அறை எனக்கே இருக்கிறது. கோலும்.

ஒரு நாள் முதல் நுனியைப் போட்டு ஆற்றுக்குப் போகிறேன். மறுநாள் போவதில்லை. அன்று மாலை, மூடிய குழலுக்குள், அந்த இன்னொரு நுனி நனைந்திருக்கும்.

அவள் முறையை அவள் எடுத்துக்கொள்ளட்டும். என் முறையை நான் விடமாட்டேன்.