நாலாவது எடைக்கு ஒரு பொட்டு

எண்பதுகளின் கடைசியில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. தூசி படாமல் போர்த்தி வைக்கச் சொன்னார் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை. ஆபீஸ் கணக்கெழுதும் கிராணியான நான் போர்வையை எடுத்துவிட்டு, கொழுந்து எடையைப் பதிய ஒரு புரோகிராம் எழுதினேன். பக்கத்துத் தோட்டத்துக் கிராணிகளுக்கும் டிஸ்க்கில் காப்பி எடுத்துக் கொடுத்தேன். யார் வேண்டுமானாலும் திருத்தலாம். திருத்தியதைத் தாளில் எழுதி லோரியில் எனக்கு அனுப்பிவிட வேண்டும்.

என்னிடம் இரண்டு டிஸ்க். ஒன்று அன்றாட வேலைக்கு. அதை லேசில் தொடமாட்டேன். மற்றது தீபாவளிக்கு வெளிவர வேண்டிய புதுசு. வருகிற திருத்தமெல்லாம் புதுசில் ஏறும், நோட்டிலும் பதிவாகும். அவசரமானதற்குப் பென்சிலால் கோடு போடுவேன். கோடு போட்டது மட்டும் பழைய டிஸ்க்குக்கும் போகும்.

கோலா தெர்லா பக்கத்துத் தோட்டத்துத் தவமணி கிராணி ஒரு திருத்தம் அனுப்பினார். ஒருவர் ஒரே நாளில் நாலு முறை எடை போட்டால், நாலாவதைப் புரோகிராம் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறதாம். நாலு முறை யார் போடப்போகிறார்கள்? நான் கோடு போடவில்லை.

மழை விட்டதும் கொழுந்து தள்ளிக்கொண்டு வந்தது. மாதக் கடைசியில், அதிகம் பறித்தவர் பெயரைப் பலகையில் எழுதினேன். அதில் வேறொருவர் பெயரைப் பார்த்ததும், எப்போதும் அந்த இடத்தில் இருக்கும் முனியம்மா அக்கா நேராக ஆபீஸுக்கு வந்துவிட்டார்.

"கிராணியாரே, எங் கை என்ன முடமா போச்சா? நாலு தடவ எட போட்டேன். தராசுகிட்ட நீங்கதான நின்னீங்க லா!"

"கம்ப்யூட்டர்ல மூணுதான்க்கா இருக்கு."

"அப்ப அதுக்குத்தான் கண்ணு அவிஞ்சிருக்கு."

நோட்டைப் புரட்டினேன். திருத்தம் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வெட்கமாகப் போய்விட்டது. மறைக்காமல் சொன்னேன்.

"சரி பண்ண வழி அப்பவே வந்துருச்சுக்கா. அவசரம்னு தோணல, இந்தப் பழைய டிஸ்க்குல போடல."

"யாருக்கு அவசரம் இல்ல? ஒங்களுக்கா, எனக்கா?"

 அக்கா ஆபீஸ் பிள்ளையார் படத்தடியில் குங்குமம் தொட்டு, நோட்டில் அந்த வரிக்கு நேராக ஒரு பொட்டு வைத்தார்.

"இப்பக் கண்ணுல படுதுல்ல?"

அன்றே பழைய டிஸ்க்கைத் திருத்தினேன். தராசுப் புத்தகத்தைப் பார்த்து எடைகளை மறுபடி ஏற்றி, பலகையை அழித்து அக்கா பெயரை எழுதினேன். பென்சில் போய்க் குங்குமம் வந்தது. நோட்டைப் பார்த்த துரை, "கம்ப்யூட்டருக்கும் பூஜையா?" என்று சிரித்தார்.

திருத்தம் பெரிசா சின்னதா என்று பார்க்காதீர்கள், இப்போது புரோகிராம் எழுதும் தம்பிகளே. யாருடைய கூடை தராசில் இருக்கிறது என்று பாருங்கள். இதையெல்லாம் கற்றுத் தேர்ந்துவிட்டதாக நானும் நினைத்திருந்தேன். தீபாவளிக்கு முறுக்கு கொண்டுவந்த அக்கா நோட்டைப் புரட்டினார்.

"இந்த மாசம் ஒரு பொட்டும் காணோமே. எல்லாம் சரியா ஓடுதா, இல்ல நீங்க யாரையும் கேக்கலியா?"

முறுக்கை வைத்துவிட்டுத் தராசடிக்குப் போய்க் கொழுந்து பறிப்பவர்களிடம் கேட்டேன். இரண்டு பொட்டு வைக்க வேண்டியிருந்தது.