நாப்பதுலயே ஓட்டின மனுஷன்

எங்க வூட்டுக்காரரு பகலவனுக்கு உக்காரத் தெரியாது. சாப்பிட உக்காந்தா பாதி தோசையில எழுந்து போயி பக்கத்து வூட்டு பைக்கு டயர அமுக்கிப் பாத்துட்டு வருவாரு. ஷேர் ஆட்டோல ஏறினா, "அண்ணே, வண்டி லெஃப்ட்ல இழுக்குது, பாக்கக் கூடாதா?"ன்னு டிரைவர்கிட்ட வம்பு. வூட்ல மிக்சி ஓடினா எங்கயோ லூசா ஆடுதும்பாரு. படுத்தாலும் நிம்மதி கிடையாது. தூக்கத்துல அவரு வலது காலு என் கெண்டைக்கால பிரேக்குன்னு நெனச்சி மிதிக்கும். எத்தினி தபா சொல்றது? எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வரும்.

ஒரகடத்துல ஒரு கார் கம்பெனியில வேல. லைன்லருந்து எறங்குற புதுக் கார ஓட்டிப் பாக்கணும். கேக்க நல்லாதான் கீது. ஆனா எல்லாம் கம்பெனிக்குள்ள போட்டிருக்கிற குட்டி ரோட்லதான். மேடு பள்ளத்துல வுட்டு ஏதாவது சத்தம் வருதான்னு கேக்கணும். கடைசியில நேர் ரோட்டுல நாப்பது ஸ்பீடுக்குக் கொண்டாந்து, ஸ்டியரிங்லருந்து கைய லேசா தூக்கிட்டு பிரேக்க ஒரே அமுக்கு. வண்டி நேரா நின்னா பாஸு, ஒரு பக்கம் இழுத்தா திரும்ப உள்ள அனுப்பணும். நாப்பதத் தாண்டினா மெமோ. எங்க கல்யாணத்துக்கு முன்னாடிலருந்து இதே பொழப்பு. பளபளன்னு எவ்ளோ காரு! எல்லாம் உறை பிரிக்காத சீட்டு, எல்லாம் நாப்பது.

இந்த வருஷம் அவர ஆபீஸ்ல உக்கார்றீங்களான்னு கேட்டாங்க. கம்ப்யூட்டர்ல ரிப்போர்ட் பாக்குற வேல, ஏசி, நைட் ஷிஃப்ட் கிடையாது. சேர்ல உக்காந்து பழகினா வூட்லயும் மனுஷன் அடங்குவாருன்னு எனக்கு ஆச. மண்ணூர்ல எங்கம்மா வூட்டாண்ட கீற அம்மனுக்குக் கூழு ஊத்துறேன்னு வேண்டிக்கினேன்.

நாலஞ்சு நாளு கழிச்சி அவரு சொன்னாரு: "லீலா, ஒரே ஒரு தபா வண்டிய ஃபுல் ஸ்பீடுல ஓட்டிப் பாத்துடுறேன். அப்புறம் திங்கக்கிழம போயி, சேர்ல உக்கார்றேன்னு சொல்லிடுறேன்."

"சத்தியமா?"

"உன் மேல சத்தியம்."

ரேஸ் டிராக்குல டிராக் டேன்னு ஒண்ணு வெப்பாங்க. பந்தயம் இல்ல, கப்பு இல்ல. சொந்தக் கார எடுத்தாந்து ஆச தீர ஓட்டிட்டுப் போவலாம். ஞாயித்துக்கிழம காலையில எங்க பழைய சின்னக் கார்ல போயி எறங்கினோம். சுத்தி எல்லாம் தரையோட தரையா படுத்துகினு கீற காருங்க, சிவப்பும் மஞ்சளுமா. நடுவுல எங்க வண்டி, முன்னாடி எலுமிச்சம்பழம் தொங்குது. பொறுப்பா இருந்த பிரவீன்னு ஒரு தம்பி வந்து, "அக்கா, கழண்டு விழற மாதிரி எதுவும் இருக்கக் கூடாது"ன்னு மொத வேலையா பழத்த அவுக்கச் சொல்லிடிச்சி. எனக்கு பக்குன்னு ஆயிடிச்சி.

ஆளுக்கு ரெண்டு தபா டிராக்குல வுடுவாங்க, ஒவ்வொரு தபாவும் டைம் முடியிற வரைக்கும் சுத்தலாம். தப்பா ஓட்டி கறுப்புக் கொடி காட்டினா வெளிய வந்துடணும், மறுபடியும் காட்டினா நேரா வூட்டுக்கு. இதுதான் சட்டம்.

நேர் ரோடு முடியிற எடத்துல கம்பிவேலியப் புடிச்சிகினு நின்னேன். எங்க வண்டி வருது. அது அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்ல. பக்கத்துல வந்துடிச்சி. அய்யய்யோ, இந்த ஆளு ரெண்டு கையயும் தூக்குறாரே! அதே நேரம் பிரேக்கும் போட்டாரு. வண்டி கோணிகினு மண்ணுக்குள்ள பாஞ்சிச்சி. புழுதி அடங்குற வரைக்கும் எனக்கு உசுரே இல்ல.

அவருக்கு ஒண்ணும் ஆவல. கறுப்புக் கொடி காட்டி வெளிய கூட்டினு வந்தாங்க. பிரவீன் கேட்டிச்சி, "சார், எதுக்கு சார் கைய எடுத்தீங்க?"

"வண்டி இழுக்குதான்னு பாத்தேன் சார்."

"இழுத்துச்சா?"

"லேசா, ரைட்ல."

எனக்கு சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சி.

பிரவீன் நகந்ததும் அவரு ஹெல்மெட்ட மடியில வெச்சிகினு ஓரமா குந்திட்டாரு. "போலாம் லீலா. நேர் ரோடப் பாத்தா கை தானா மேல வருது. எனக்கு நாப்பதுதான் போல."

இந்த மூஞ்சோட சேர்ல போயி உக்காந்தா அது ஜெயிலு. என் கெண்டைக்காலுக்கும் காலத்துக்கும் வுடுதல கிடையாது. "எழுந்திருய்யா, இன்னொரு தபா பாக்கி கீது"ன்னேன். பிரவீன்கிட்ட கேட்டு, நானும் ஹெல்மெட் ஒண்ணு மாட்டிகினு அவரு பக்கத்துல ஏறிட்டேன்.

நேர் ரோடு வந்தா போதும், "கைய எடுக்காத! எடுக்காத!"ன்னு கத்துவேன். அவரு கை மேல எழும்பப் பாக்கும், உடனே ஸ்டியரிங்க இறுக்கிப் புடிச்சிக்குவாரு. ரெண்டு மூணு சுத்துல கை தானா நின்னுடிச்சி. முள்ளு நூத்த தாண்டி, அதுக்கும் மேல ஏறுது. திருப்பத்துல என் குடலு ஒரு பக்கம் போவுது. பயமா? பயம்தான். ஆனா வேணாம்னு வாயில வர்ல. டைம் முடிஞ்சிச்சின்னு கட்டம் போட்ட கொடி காட்டினதும் வண்டிய ஓரங்கட்டினாரு. மூஞ்செல்லாம் தண்ணி. "இவ்ளோதான் லீலா. போதும்"னாரு.

திரும்பி வர வழியில லாரிக்குப் பின்னாடி பொறுமையா வந்தாரு. சிக்னல்ல காலு ஆடல. எவன் வண்டியயும் நொட்ட சொல்லல.

சாயந்தரம் தோச ஊத்தினேன், சட்னிக்கு மிக்சியப் போட்டேன். அது தடதடன்னு ஆடுது. மனுஷன் தல நிமிரல. ஒரே எடத்துல சம்மணம் போட்டுகினு மென்னுகினு கீறாரு. இதுக்குத்தான வேண்டிக்கினேன்? ஆனா நான் மிக்சிய இன்னும் ஸ்பீடா வெச்சேன்.

"இன்னாய்யா, மிக்சி ஆடுதே, கேக்கலயா?"

"கேக்குது. ஓடட்டும்."

ஓடட்டுமாம்! மிக்சிய நிறுத்திட்டு எதிர்ல போயி நின்னேன். "நாளைக்கு அந்த சேர் வேணாம்னு சொல்லிடு."

"நீதானடி கேட்ட?"

"நான்தான் கேட்டேன், நான்தான் வேணாங்கிறேன். இப்படி உக்காந்துகினு கீற ஆள எனக்கு யாருன்னே தெரியலய்யா. பயமா கீது."

அவரு எழுந்து போயி ஜார எடுத்து வெச்சிட்டு மிக்சியக் கவுத்து, அடியில வெரல வுட்டு ஆட்டிப் பாத்தாரு. "ரப்பர் போயிடிச்சி, நான் அன்னைக்கே சொன்னேன்ல?"

தட்டுல பாதி தோச அப்படியே கெடந்துச்சி. எனக்கு அப்பதான் மூச்சு வந்துச்சி.