வெறுங்காலும் நீலத் தொட்டியும்

1. வெள்ளிக்கிழமை மாலை, பக்கத்துப் பண்ணையின் சீன முதலாளி தவுக்கேயின் இரண்டு பன்றிகள் எழ முடியாமல் படுத்துவிட்டன. உதவிக்கு அப்பா போய் வந்தார், வெறுங்காலில்.

2. சனிக்கிழமை காலை அவை இரண்டும் செத்தன.

3. அன்று மாலை, முன்னெச்சரிக்கையாக, எங்கள் முதல் கொட்டகையின் நீலத் தண்ணீர்த் தொட்டியில் குளோரின் கலந்தேன்.

4. ஞாயிறு காலை முதல் கொட்டகையில் ஒரு பன்றிகூடத் தீனியைத் தொடவில்லை.

எங்கள் பண்ணை ஜெஞ்சாரோம் ஊருக்கு வெளியே, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. இரண்டு கொட்டகைகள், நாற்பத்தொரு பன்றிகள். நான் கிள்ளானில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். விடிந்ததும் கொட்டகையைக் கழுவி, குட்டிகளுக்குப் போட்ட விளக்கை அணைத்து, குளித்துவிட்டு மோட்டாரில் கிளம்பினால் எட்டு மணிக்கு வேலையில் இருப்பேன்.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பற்றிய பேச்சு அடிபடத் தொடங்கியதும், பண்ணைக்கு விதிகளை ஒரு போர்டில் எழுதி வாசல் கம்பியில் கட்டினேன். அந்தக் காய்ச்சலுக்கு மருந்து கிடையாது. ஒன்றுக்கு வந்தால் அத்தனையையும் கொன்று புதைக்க வேண்டியதுதான். அதனால் முதல் விதி: வாசலில் பூட்ஸ் மாற்றி, சுண்ணாம்புத் தண்ணீரில் மிதித்துத்தான் உள்ளே வர வேண்டும்.

அந்த விதியை நான் எழுதியது அப்பாவின் விரதத்துக்கு நடுவில். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் வருடங்களில் அவர் நாற்பத்தெட்டு நாள் காலில் எதுவும் போடமாட்டார்.

"பூட்ஸ் போடாம உள்ள போகாதீங்கப்பா."

"விரதம்மா. கால்ல ஒண்ணும் போடக்கூடாது."

"அப்போ கொட்டகைக்கே போகாதீங்க."

"நான் போகலன்னா தீனி யாரு போடுவா? உன் போர்டா?"

ஞாயிறு காலை அவர் வழக்கம்போல் வாளியைத் தூக்கினார். வாளிப் பிடி கிலுங்கினாலே கொட்டகை முழுக்கக் கத்தும். கம்பிமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சண்டை போடும். அன்று சத்தமே இல்லை. பெரிய தாய்ப்பன்றி தீனியை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

"வெள்ளிக்கிழமை அங்க போயிட்டு வந்து கால் கழுவினீங்களா?" என்று கேட்டேன்.

"சோப்பு போட்டுக் கழுவினேன்."

"சுண்ணாம்புல மிதிச்சீங்களா?"

அவர் தன் பாதங்களைப் பார்த்தார். குதிகாலில் வெடிப்பு. "எரியுதுமா. மிதிக்கல." பிறகு, "நான்தான் கொண்டாந்துட்டேனா?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

கால்நடை மருத்துவர் பத்து மணிக்கு வந்தார். எங்களுக்குப் பழக்கமான தமிழ்ப் பெண்மணி. ரத்தம் எடுத்துச் சிறு குழாய்களில் அடைத்தார். "ரிசல்ட் நாளைக்கு சாயங்காலம் அங்கிள். தவுக்கே பன்னிங்களோடதும் சேர்ந்தே வரும். அதுவரைக்கும் நீங்க யாரும் வெளிய போகாதீங்க."

"நாளான்னைக்கு தைப்பூசம், டாக்டர்."

"பாப்போம் அங்கிள்."

அப்பா கொட்டகைக்கு வெளியே, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளியிலிருந்து எங்கள் பகுதியில் தண்ணீர் வெட்டு. மதியம் தரை கழுவத் தண்ணீர் மொள்ள அம்மா நீலத் தொட்டியின் மூடியைத் திறந்தார்.

"இங்க வாடி. நேத்து சாயங்காலம் தண்ணி இந்தக் கறை வரைக்கும் நின்னுச்சு. இப்பவும் அங்கேயேதான் நிக்குது. குடிக்கவே இல்லியா இதுங்க?"

ஏறிப் பார்த்தேன். கால் தொட்டித் தண்ணீர். குளோரின் வாடை மூக்கைப் பிடுங்கியது. தொட்டியின் பக்கவாட்டில் இரண்டாயிரம் லிட்டர் என்று எழுதியிருக்கும்; அந்த எண்ணை வைத்துத்தான் கணக்குப் போட்டிருந்தேன். சனிக்கிழமை மேல் துவாரம் வழியாக ஊற்றிவிட்டு இறங்கினேன், மூடியைத் திறக்கவில்லை. வேண்டியதைப் போல நான்கு மடங்கு விழுந்திருந்தது. பன்றி அந்தத் தண்ணீரைக் குடிக்காது. குடிக்காத பன்றி தின்னாது.

"என்னதான் ஆச்சு?" என்றார் அப்பா.

"என் தப்புப்பா. குளோரின் கூடிப்போச்சு."

அவர் எழுந்து வந்து முகர்ந்து பார்த்தார். "ஸ்விம்மிங் பூல் லா இது! நாள் முழுக்கத் தண்ணி டெஸ்ட் பண்றவ பாரு!" இரண்டு நாளில் முதல் முறையாகச் சிரித்தார்.

தொட்டியைக் காலி செய்து, இரண்டாம் கொட்டகையின் தொட்டியிலிருந்து வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்றினோம். அவை குடித்த சத்தம் வாசல்வரை கேட்டது. சாயங்காலம் வாளிப் பிடி கிலுங்கியதும் கொட்டகை கத்தியது. ஆனாலும் தவுக்கேயின் பன்றிகள் செத்தது செத்ததுதான். அப்பா அங்கே போய் வந்ததும் உண்மைதான். திங்கள் முழுக்க வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு போனைப் பார்த்தபடி இருந்தேன்.

ஐந்து மணிக்கு அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். "ரெண்டு பண்ணையும் கிளியர் அங்கிள். தவுக்கேயோடது வேற நோய், அந்தக் காய்ச்சல் இல்ல. போய் காவடி எடுங்க."

அப்பா போனைப் பார்த்துக் கும்பிட்டார். அம்மா அடுப்பை அணைக்கப் போனவர் உள்ளேயே நின்று அழுதார். நான் அப்பாவிடம், "நீங்க கொண்டு வரலப்பா," என்றேன். ஒரு நாள் தாமதமான பதில்.

செவ்வாய்க்கிழமை அவர் பத்துமலையில் காவடி எடுத்தார். விரதம் முடிந்துவிட்டது, இப்போது பூட்ஸ் போட்டுச் சுண்ணாம்பில் மிதித்துத்தான் உள்ளே வருகிறார். அடுத்த முறை விரதம் இருந்தால், அந்த நாற்பத்தெட்டு நாளும் தீனி போடுவது நான். கம்பியில் கட்டிய விதிகளின் கீழே அவர் கையெழுத்தில் ஒரு வரி கூடியிருக்கிறது: மருந்து ஊற்றும் முன் மூடியைத் திறந்து பார். நாற்பத்தொன்றும் தின்கின்றன.